மல்லி மாதிரி, மல்லி இல்லை

பெரம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கவிக்கு,

நீ அனுப்பிய செண்ட் பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. டியோரிஸ்ஸிமோ என்ற பெயர் வாயில் நுழையவே எனக்கு இரண்டு நாள் ஆனது. அப்பா இன்னும் "உன் பொண்ணு அனுப்பின அந்த டியோ" என்றுதான் சொல்கிறார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் நாள் எனக்குப் பிடிக்கவில்லை. அடித்தவுடன் குப்பென்று ஸ்பிரிட் வாசனை, ஊசி போடுமுன் நர்ஸ் தடவுகிற பஞ்சு மாதிரி. அப்புறம் ஒரு பச்சை வாசனை வந்தது, கீரைத்தண்டை ஒடித்தால் வருமே, அதுபோல. பூ எங்கே என்று தேடினேன். பழக்கதோஷத்தில் மணிக்கட்டு இரண்டையும் வேறு தேய்த்துவிட்டேன். தேய்க்காதே என்று நீ சொன்னது பிறகுதான் ஞாபகம் வந்தது. சரி, காசைக் கரியாக்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். கால் மணி நேரம் கழித்துப் பால் பொங்குகிறதா என்று குனிந்தபோது என் கையிலிருந்தே மெல்ல வந்தது. மல்லி மாதிரி, ஆனால் மல்லி இல்லை. மல்லியைத் தண்ணீரில் அலசி நிழலில் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

இந்த செண்டில் வருவது லில்லி ஆஃப் த வேலி என்ற பூவின் வாசனை, ஆனால் அந்தப் பூவிலிருந்து தைலமே எடுக்க முடியாது என்று நீ போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. இந்த செண்டை உருவாக்கிய ரூத்னிட்ஸ்கா என்பவர் தன் தோட்டத்திலேயே அந்தச் செடியை வளர்த்து, முகர்ந்து முகர்ந்து பார்த்து, வேறு பொருள்களைச் சேர்த்தே அந்த வாசனையை 1956-இல் கொண்டுவந்தாராமே. பெரிய ஆள்தான். நம் மல்லி இந்த விஷயத்தில் தாராளம். கோயம்புத்தூரில் தைலக் கம்பெனியில் இருந்த பெரியப்பா சொல்வார்: ஆவியில் வடித்தால் மல்லி வாசனை கெட்டுப்போகும், ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்தால் மெழுகாக இறங்கிவிடும், அதை ஆல்கஹாலில் கழுவினால் தைலம். நம்மூர்ப் பூ அப்படித்தான் செண்ட் செய்ய நீ இருக்கும் பிரான்ஸ் வரைக்கும் போகிறது.

வியாழக்கிழமை பென்ஷன் வேலையாக வெளியே போக வேண்டியிருந்தது. குளித்ததும் கையில் ஒரு பொட்டு தேங்காய் எண்ணெய் தடவி, அதன்மேல் ஒரே ஒரு தடவை அடித்துக்கொண்டேன். எண்ணெய்ப் பசை இருந்தால் வாசனை கொஞ்சம் நிற்கிறது. பட்டுப்புடவையில் மட்டும் படவிடமாட்டேன், கறையாகிவிடும். மின்சார ரயிலில் மகளிர் பெட்டி, ஒரே புழுக்கம். பெரம்பூரில் ஏறும்போது எனக்கே தெரிந்த வாசனை பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் காணோம். வியர்வையில் போய்விட்டது என்று நினைத்தேன். அப்போது பக்கத்தில் நின்ற காலேஜ் பெண், "ஆன்ட்டி, என்ன செண்ட் போட்டிருக்கீங்க?" என்றாள். வாசனை போகவில்லை, என் மூக்குத்தான் பழகிவிட்டிருக்கிறது.

நாற்பது வருடமாகத் தலையில் பூ வைக்கிறேன், அதன் வாசனை எனக்கு எத்தனை நாள் தெரிந்திருக்கும்? பின்னால் வருகிறவர்களுக்குத்தான் தெரியும். கொண்டையிலிருக்கும் பூவைத் திரும்பி முகர முடியாது. இதுவோ கையில் இருக்கிறது. முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினால் தானாகவே வந்து தொட்டுவிட்டுப் போகிறது. அது எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் மத்தியானத்துக்குமேல் ஒன்றுமில்லை, அந்தக் குறையைச் சொல்லத்தான் வேண்டும். கல்யாணமான புதிதில் அப்பா திருவல்லிக்கேணியில் அத்தர் வாங்கி, பஞ்சில் தொட்டுக் காது மடலில் செருகிக்கொள்வார். சந்தன எண்ணெயில் இறக்கியது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வரும்போதும் அவருக்கு முன்னால் அது உள்ளே வரும். நம் வெயிலுக்கு அதுதான் லாயக்கு. பாட்டிலை பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன், வெளிச்சமும் சூடும் படாமல்.

மே 1 அன்று அங்கே எல்லோரும் அந்தப் பூவைக் கொத்தாகக் கொடுத்துக்கொள்வார்கள் என்றாயே. அந்தச் சமயத்தில் இங்கே மல்லி கொட்டிக்கிடக்கும், பூக்காரம்மாவே கூப்பிட்டு ஒரு முழம் கூடக் கொடுப்பாள். இந்தத் தடவை நீ ஒரு கொத்து வாங்கி, நன்றாக முகர்ந்து பார். இந்த பாட்டிலில் இருப்பதும் அதுவும் ஒன்றுதானா என்று எனக்கு எழுது. அசல் பூவை நான் பார்த்ததே இல்லை, நீ சொன்னால்தான் தெரியும்.

அன்புடன்,
அம்மா