ஆரோக்கியத்துக்கு: டப் வண்டி பற்றி

துவாக்குடி

அன்புள்ள ஆரோக்கியம்,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது ஆடிக் காற்று அடிக்கிறது. கோபத்தை வைத்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவு எடுத்திருக்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் வீட்டு அணை மீன் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வலி மறந்துவிடுகிறது. குண்டு சார் ஓய்வு பெற்றுவிட்டார், தெரியுமா? விழாவில் அரை மணி நேரம் பேசினார், நம் வகுப்பில் சொல்வது போலவே மூன்று முறை "நியூட்ரல் ஆக்ஸிஸ்" என்றார். பாய் என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே "அலுமினியம்" என்று குறுக்கே பாய்வாய். அதனால்தான் கடிதம். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் சண்டை போடு.

நாங்கள் சுரங்கத்துக்கு டப் வண்டி, அதாவது தண்டவாளத்தில் தாது ஏற்றிப் போகிற சின்ன வண்டி, செய்கிறோம். கடினப் பாறை, உலோகத் தாதுச் சுரங்கம். 600 மில்லிமீட்டர் இடைவெளித் தண்டவாளம். இப்போது அங்கே ஓடுவது பழைய பெட்டி வண்டி: ஒன்றரை மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் உயரம். உடைந்த தாது 1.6 டன் கொள்ளும், வெறும் வண்டியே கிட்டத்தட்ட 600 கிலோ. அதை 450-க்குக் கொண்டுவர வேண்டும், ஆனால் பழையதைவிட அதிக நாள் உழைக்க வேண்டும். இதுதான் கேட்டார்கள். முதல் வண்டி இந்த வாரம் பெயின்ட் அடித்து வெளியே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

150 கிலோ என்ன பெரிய விஷயம் என்பாய். பத்து வண்டி கோத்த ரயிலை எடுத்துக்கொள். ஒன்றரை டன் மிச்சம், கிட்டத்தட்ட ஒரு வண்டி நிறையத் தாது. பொதுவாகச் சுரங்கத்தில் நிறைந்த வண்டி ஷாஃப்டை, அதாவது மேலே தூக்குகிற செங்குத்துக் குழியை, நோக்கி இறங்குகிற மாதிரி இருநூற்றுக்கு ஒன்று போல லேசான சரிவு வைப்பார்கள். வெறும் வண்டி மேலே ஏறிப் போகும். நிறைந்து இறங்கும்போது லோகோ இன்ஜினுக்கு இழுப்பது கஷ்டமில்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். ஈரத் தண்டவாளத்தில் ஐந்து டன் பேட்டரி லோகோ எவ்வளவு பிடிக்கும்? அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்தப் பிடிமானத்துக்குள் வண்டியின் எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தாது ஏற்றலாம். கூண்டில் வண்டியோடு சேர்த்து மேலே தூக்குகிற சுரங்கமாக இருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு நடையிலும் அந்த இரும்பையும் ஷாஃப்ட் முழுக்க ஏற்றி இறக்குகிறோம்.

இனி உன் அலுமினியம். நீ அனுப்பிய செய்தியை மறக்கவில்லை. 2022 அக்டோபரில் புவனேஸ்வரத்தில் கொடி அசைத்து அனுப்பிய அலுமினிய சரக்கு ரயில், 61 வேகன், பழைய ரயிலைவிட 180 டன் லேசு. அமெரிக்காவில் நிலக்கரி வேகன்களை எப்போதோ அலுமினியத்துக்கு மாற்றிவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் ஆழமான தங்கச் சுரங்கங்களில் கூண்டும், தாதை மேலே தூக்கும் ஸ்கிப் தொட்டியும் அலுமினியக் கலவையில் செய்கிறார்கள். எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ளே இறங்கிப் பார். அலுமினியம் துருப்பிடித்த இரும்பில் உரசினால் ஒரு பூச்சு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் ஒரு அடி விழுந்தால், துருவில் இருக்கும் ஆக்ஸிஜனை அலுமினியம் பறித்துக்கொண்டு தெர்மிட் பொறி கிளம்புகிறது. தண்டவாளம் பற்றவைக்கப் பயன்படுத்துகிறோமே, அதே தெர்மிட்தான். காற்றில் மீத்தேன் 5-லிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த ஒரு பொறி போதும். பல நாடுகளில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் இலகு உலோகங்களைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பது இதனால்தான். இதில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நூறு கிலோவுக்காக ஒருவன் உயிரைப் பணயம் வைக்க முடியாது.

எங்களுடையது நிலக்கரி இல்லையே, மீத்தேன் எங்கே வந்தது என்று கேட்பாய். இங்கே எதிரி குவார்ட்ஸ் என்கிற கடினக் கனிமம். தாது இறங்கும் சரிவுக் குழாயிலிருந்து கூர்கூராகக் கொட்டுகிற பாறை அலுமினியத் தரையை ராவித் தள்ளிவிடும். அதைக் காப்பாற்ற உள்ளே எஃகுத் தகடு லைனராகப் போட்டால் மிச்சம் பிடித்த எடையில் பெரும்பங்கு திரும்பி வந்துவிடும். போதாததற்கு எஃகும் அலுமினியமும் ஒட்டி நிற்கிற இடத்தில் சுரங்கத் தண்ணீர் புகுந்தால் அலுமினியம் எப்படி அரித்துப்போகும் என்று நான் உனக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அப்போ எஃகுதான். எஃகு என்று முடிவானதும் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "இரண்டு மடங்கு வலுவான ஸ்டீல் வாங்கு, பாதி தடிமன் போடு, முடிந்தது வேலை." அப்படி முடியாது என்று விளக்குவதற்குள் என் தொண்டை வற்றிவிட்டது. உன்னிடம் கொட்டினால்தான் ஆறும்.

பழைய பெட்டியில் மொத்தத் தகடு சுமார் 4.7 சதுர மீட்டர். 6 மில்லிமீட்டரில் அது 220 கிலோவுக்குச் சற்று மேல், 4 மில்லிமீட்டரில் 148. எழுபது கிலோவுக்கு மேல் போய்விட்டது, சந்தோஷம். ஆனால் ஸ்டீல் எவ்வளவு வலுவானாலும் அதன் விறைப்பு மாறாது. மைல்டு ஸ்டீலுக்கும் சரி, உன் மிக உயர்ந்த ரகத்துக்கும் சரி, அந்த எண் ஒன்றேதான். தகட்டின் விறைப்போ தடிமனின் மூன்றாம் அடுக்கில் போகிறது. 6-ஐ 4 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. தட்டையான பக்கச் சுவர் நாலு நடையில் வெளியே பிதுங்கி, எதிரே வருகிற வண்டியில் உரசும். இது ஒன்று. துரு இரண்டாவது. அது தகட்டின் விலையைப் பார்த்துத் தின்பதில்லை. ஒரு மில்லிமீட்டர் போனால் முன்பு ஆறில் ஒரு பங்கு, இப்போது நாலில் ஒரு பங்கு.

மூன்றாவதுதான் பெரியது, வெல்டிங். பற்றவைக்காத ஸ்டீலில் ஃபெடீக் வலிமை, அதாவது திரும்பத் திரும்ப அடி விழுந்தாலும் தாங்குகிற வலிமை, இழுவலிமையோடு சேர்ந்து ஏறும். பற்றவைத்த இணைப்பில் ஏறாது. விரிசல் வெல்டின் ஓரத்தில் பிறக்கிறது, அந்த ஓரத்துக்கு நீ எந்த ரகத் தகடு வாங்கினாய் என்று தெரியாது. தண்டவாள மூட்டு ஒவ்வொன்றிலும் ஒரு அடி, வண்டிகளைக் கோக்கிற கப்ளிங் இழுக்கும்போது ஒரு அடி, தாதைக் கொட்ட டிப்ளர் இயந்திரத்தில் கவிழும்போது ஒரு அடி. வலுவான ஸ்டீல் என்று நம்பித் தகட்டை மெலிதாக்கினால் வெல்டில் அழுத்தம் ஏறுகிறது, தாங்கும் சக்தி இருந்த இடத்திலேயே நிற்கிறது. வண்டி பழையதைவிடச் சீக்கிரம் உடையும். காசைக் கொட்டி ஆயுளைக் குறைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

அதனால் என்ன செய்தோம் என்றால், மூலையையே எடுத்துவிட்டோம். தரையும் இரண்டு பக்கமும் ஒரே தகடு, யு வடிவத்தில் வளைத்தது. வளைவு தானே விறைப்பைக் கொடுக்கிறது. தரையும் சுவரும் சேருகிற இடத்தில் இருந்த நீள வெல்ட் காணாமல் போனது, மூலைக்கு முட்டுக் கொடுத்த ஆங்கிள்களும் போயின. மேல் விளிம்பில் மட்டும் ஒரு பைப். இதில் நான் அதிகம் ரசிப்பது வேறொன்று. ஈரமான தூள் தாது பெட்டி மூலையில் அப்பிக்கொண்டு, கவிழ்த்தாலும் விழாமல் திரும்பிப் போகும். போகப் போக அது கெட்டியாகி வண்டியின் எடையாகவே ஆகிவிடும். வரைபடத்தில் 600 என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஓடுவது அதைவிடக் கனம். வளைவில் அது வழுக்கி விழுந்துவிடுகிறது.

இந்த யு தகட்டுக்கு மட்டும்தான் விலை உயர்ந்த ஸ்டீல், பிரினெல் கடின அளவில் 450, தேய்மானம் தாங்கும் ரகம். பாறை விழுந்து நெளியாமலிருக்கவும், தேயாமலிருக்கவும் கடினம் உண்மையிலேயே உதவுகிறது. வளைக்கத்தான் படாதபாடு. சின்ன ஆரத்தில் வளைத்தால் வெளிப்புறம் பிளக்கும், பெரிய ஆரத்தில் வளைத்தால் வளைக்கிற இயந்திரமான பிரஸ் பிரேக்கை விட்டதும் திமிறிக்கொண்டு விரியும். உருட்டிய திசைக்குக் குறுக்காக வளைத்தபோதுதான் ஒழுங்காக வந்தது. அடிச்சட்டத்துக்குச் சாதாரண ஈ350 ரக ஸ்டீல் போதும் என்று நின்றேன். அங்கே ஆயுளைத் தீர்மானிப்பது வெல்ட், ஸ்டீல் அல்ல.

அடிச்சட்டத்தில் இன்னொரு சண்டை. நாலு பக்கமும் மூடிய பாக்ஸ் செக்‌ஷன் போட்டால் லேசாகவும் விறைப்பாகவும் இருக்கும் என்றார்கள். சாலையில் ஓடும் கார் என்றால் சரி. சுரங்கத் தண்டவாளம் எங்கே சமமாக இருக்கிறது? ஒரு பக்கம் அமுங்கியிருக்கும், ஒரு மூட்டு தூக்கியிருக்கும். முறுக்கே கொடுக்காத சட்டம் மூன்று சக்கரத்தில் நிற்கும், நாலாவது அந்தரத்தில் தொங்கும், அடுத்த வளைவில் வண்டி தடம் புரளும். பழைய லாரியின் சேசிஸ் மாதிரி திறந்த சேனலில் செய்தால் சட்டம் கொஞ்சம் முறுக்கி நாலு சக்கரத்தையும் தரையில் வைக்கும். உடலை அதன்மேல் பற்றவைக்காமல் ரப்பர் பட்டை வைத்து போல்ட் போட்டிருக்கிறோம். வெல்டின் சூட்டில் கடினத் தகடு இளகாது, உடல் தேய்ந்தால் கழற்றி மாற்றலாம், சட்டமும் சுதந்திரமாக முறுக்கும். ஒரு போல்ட்டில் மூன்று வேலை. இந்த முடிவில் எனக்கு ரொம்பத் திருப்தி, மறைக்கமாட்டேன்.

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். போன மாதம் பெங்களூருக்கு வேலையாகப் போனவன், ரயில் ஏறி கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்தில் இறங்கி உன் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாக இருக்கிறார். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார், நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும். அந்தச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார், அதை நீதான் பேசிக்கொள்ள வேண்டும். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். படத்தைப் பார்க்கவே இல்லை. "நின்ன வண்டிய நகத்துறதுதாம்பா பாரம். ஓட ஆரம்பிச்சா அது பாட்டுக்கு ஓடும்" என்றார். சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில், அந்தப் பாறைச் சூட்டில், வியர்வையில் கை வழுக்க வழுக்கத் தள்ளியிருக்கிறார். வலது தோளைக் காட்டினார். நாம் படித்த காலத்தில் ஒரு நாளும் காட்டியதில்லை. விளிம்புத் தகடு உள்ளங்கையை அறுக்கும் என்று சொன்னதும், வண்டி புரண்டால் கடப்பாரை கொடுக்க இடமே இருக்காது, விரல்தான் போகும் என்று சொன்னதும் அவர்தான்.

மேல் விளிம்பில் பைப் வந்தது அவரால். சட்டத்தின் நாலு மூலையிலும் கடப்பாரைக்கு என்றே தடித்த நாக்கு ஒன்று வைத்திருக்கிறேன், அதுவும் அவரால். சக்கரங்களுக்கு உருளைகள் மேல் லேசாகச் சுழலும் டேப்பர் ரோலர் பேரிங் போட வேண்டும் என்று விலைக்குப் பயந்தவர்களிடம் வாதாடி வாங்கினேன். உருளை இல்லாமல் உரசிச் சுழலும் பழைய புஷ் பேரிங்கில் நின்ற வண்டியைக் கிளப்பத்தான் அத்தனை பலம் வேண்டியிருந்தது. இன்றும் லோகோ போகாத குறுக்குச் சுரங்கங்களில் ஆள்தான் தள்ளுகிறான், ஆரோக்கியம். 2001 பிப்ரவரி 28-ல் தங்கவயலை மூடினார்கள், உன் அப்பாவின் வேலை போனது. ஆனால் அந்த வேலை உலகத்தில் முடிந்துவிடவில்லை. 150 கிலோ என்று நான் கத்துவது லோகோவுக்காக மட்டும் இல்லை.

இப்போது உன் உதவி வேண்டும். முனைத் தகடுகள் இரண்டையும் யு தகட்டோடு பற்றவைத்தே ஆக வேண்டும், அதற்கு மாற்று இல்லை. 4 மில்லிமீட்டருக்குப் பற்றவைக்கும் முன் சூடேற்றத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனால் அடுத்த தொகுதி செய்யும்போது இங்கே ஐப்பசி மழை. ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுந்து விரிசல் விடும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. வெல்டிங் ராடை அடுப்பில் வைத்து எடுத்துக் குறைந்த ஹைட்ரஜன் ரகத்திலேயே போகலாமா, அல்லது விலையைப் பார்க்காமல் ஸ்டெயின்லெஸ் ராடுக்குப் போய்விடலாமா? தகட்டைவிட மென்மையான வெல்ட் போதும் என்பது என் எண்ணம், அது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கட்டும். நீ மாற்றிச் சொன்னால் காரணத்தோடு எழுது, "எனக்குத் தெரியும்" என்று மட்டும் எழுதாதே.

அடுத்த மாதம் வண்டி கீழே இறங்குகிறது. முதலில் பொடித் தாது, அப்புறம்தான் பெரிய கல். வெல்ட் ஓரங்களில் சாயம் தடவி விரிசல் பார்க்க நானே கூடப் போகிறேன். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு நீயும் வா. பாயும் வருகிறேன் என்கிறான், அவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதே. தேதி முடிவானதும் போன் செய்கிறேன். அதற்குள் ராடு விஷயத்துக்குப் பதில் வந்துவிட வேண்டும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
சுந்தர்