பத்துக்குப் பத்து அடி மண் கேட்கிறோம்

மதிப்பிற்குரிய வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

காலாண்டு விடுமுறையில் நம் ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நடந்த வேலை உங்கள் இருவருக்கும் தெரியும். ஜேசிபி வந்து பின்பக்கத்தை வழித்தெடுத்தது. 60 மி.மீ. பேவர் பிளாக் பதித்தார்கள். சுற்றுச்சுவர் வரைக்கும் ஒரு சாண் மண் மிச்சமில்லை. அந்த வழித்தலில் வடக்குச் சுவரோரம் நின்ற மூன்று எருக்கஞ்செடிகளும் போய்விட்டன. வேலைக்கு வந்தவர்களுக்கு அது களை. மூன்றாம் வகுப்புக்கு அதுதான் அந்த மாதத்துப் பாடம்.

குழந்தைகளின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். நாள் 1: இலைக்கு அடியில் வெள்ளையாக ஒரு முட்டை, கடுகைவிடச் சின்னது. நாள் 4: புழு வந்துவிட்டது, முட்டை ஓட்டையே தின்கிறது. நாள் 9: கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி, முதுகில் கொம்பு மாதிரி மூன்று ஜோடி. நாள் 13: கிட்டத்தட்ட சுண்டுவிரல் நீளம். அடுத்த பக்கத்தில் கூட்டுப்புழுவை வரைவதற்குக் கட்டம் போட்டுவைத்துவிட்டு விடுமுறைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது கட்டம் இருந்தது, செடி இல்லை. "டீச்சர், புழு எங்க போச்சு?" என்று கேட்கிற எட்டு வயதுக் குழந்தைக்கு என்ன பதில் சொல்வது?

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் பத்து அடிக்குப் பத்து அடி மண்ணை வெட்டாமல், மூடாமல், களைக்கொல்லி அடிக்காமல் விட்டுவிடுங்கள்.

"எருக்குதானே, வேறெங்காவது நட்டுக்கொள்ளலாமே" என்று எங்களிடம் சொன்னார்கள். நன்றாக வளர்ந்த எருக்குக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும். பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. காய் வெடித்துப் பஞ்சோடு பறக்கும் விதையைப் பிடித்துப் பையில் போட்டு முளைக்க வைக்கலாம். ஆனால் முட்டையிடத் தாய்ப்பூச்சி தேடி வரும் அளவுக்கு அது வளர மாதக்கணக்காகும். வேறு செடியில் அந்தப் புழுவை வளர்க்கவும் முடியாது. அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கும் அதன் இனத்துப் பால் செடிகளும்தான் அதற்குச் சாப்பாடு. கறிவேப்பிலையைப் போட்டால் பட்டினி கிடந்து சாகுமே தவிர, வாய் வைக்காது. கறிவேப்பிலையில் வளரும் எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழுவோ எருக்கைத் தொடாது. ஓர் உயிருக்கு ஓர் இடம் ஏன் வேண்டும் என்பதை எட்டு வயதுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது.

இந்தப் பாடத்துக்குப் பணம் தேவையில்லை, பக்குவம் தேவை. முட்டை இருக்கும் கிளையில் கம்பளி நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். புழுவை வகுப்புக்குள் கொண்டுவருவதானால் ஒரு லிட்டர் ஜாடிக்கு இரண்டு புழு போதும். வாயைக் கொசுவலைத் துணியால் கட்ட வேண்டும். மூடியைத் திருகினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். இலைக்காம்பை ஈரப் பஞ்சில் சுற்றி வைக்க வேண்டும். எச்சத்தைத் தினமும் காலையில் தட்டிவிட வேண்டும். ஜாடி வெயிலில் இருக்கக் கூடாது. இலை பறிப்பது ஆசிரியர் வேலை, அதுவும் கத்தரிக்கோலால்: எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும். புழு கூட்டுப்புழுவாகித் தொங்குவதற்கு ஒரு குச்சியைச் சாய்த்து வைப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளியே வரும் பூச்சி பற்றித் தொங்கித்தான் இறக்கையை விரித்துக் காயவைக்கும். கீழே இடம் போதாவிட்டால் இறக்கை மடங்கியபடியே இறுகிவிடும். அப்புறம் அது பறக்காது. எலுமிச்சை அழகிக்குக் கடையில் வாங்கிய கறிவேப்பிலை ஆகாது. அதில் ஒட்டியிருக்கும் மருந்தில் புழு ஒரே நாளில் சுருண்டுவிடும். அதனால்தான் செடி பள்ளிக்குள்ளேயே வேண்டும் என்கிறோம்.

பேவர் பிளாக்கோடு போன இன்னொன்று குழிநரி என்ற பூச்சி. தாழ்வாரத்து ஓரம், மழைச்சாரல் படாத உலர்ந்த பொடிமண்ணில் புனல் மாதிரி குழி பறித்து, அடியில் தாடையை மட்டும் நீட்டிக்கொண்டு புதைந்திருக்குமே, அதுதான். ஓர் எறும்பு விளிம்பில் சறுக்கியதும் அது மண்ணை விசிறி எறிந்து கீழே விழவைக்கும். கையில் எடுத்து மண்ணில் விட்டால் பின்பக்கமாகவே நடந்து புதையும். வளர்ந்து இறக்கை முளைத்தால் தட்டான் போலத் தெரியும். ஈரமண்ணில் ஏன் குழி இல்லை, கூழாங்கல்லில் ஏன் இல்லை என்று குழந்தைகளே தேடிக் கண்டுபிடிப்பார்கள். இதற்கு வேண்டியதெல்லாம் சுவரோரம் இரண்டடி அகலப் பொடிமண். அதையும் சிமெண்டால் பூசிவிட்டார்கள்.

உங்கள் தரப்பு நியாயம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. புதர் இருந்தால் பாம்பு வரும் என்ற பயம் பெற்றோருக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. ஆனால் பாம்பு வருவது எலிக்காக. எலி வருவது சமையலறைக்குப் பின்னால் கொட்டும் மிச்சச் சோற்றுக்காக. அது ஒளிவது உடைந்த பெஞ்சு, செங்கல், ஓட்டுக் குவியலுக்குள். அவற்றை முதலில் அப்புறப்படுத்துங்கள், நாங்களும் கூட நிற்கிறோம். நாங்கள் கேட்கும் மண் வகுப்பறைக்கும் சமையலறைக்கும் தள்ளி இருக்கட்டும். சுற்றிலும் ஒற்றைச் செங்கல் வரம்பு, நடுவில் இரண்டடி நடைபாதை, புல் முழங்காலுக்கு மேல் வளராமல் மாதம் ஒருமுறை கையரிவாளால் வெட்டு. முதலில் ஆசிரியர் கம்பால் தட்டிக்கொண்டே போவார். பிள்ளைகள் செருப்போடு, பாதையிலிருந்தே பார்ப்பார்கள். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுவோம். பறவைக்கு வைக்கும் தண்ணீர்ச் சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுவோம். ஒரு வாரம் தேங்கினாலே போதும், டெங்கு கொசு உற்பத்தியாகிவிடும்.

சொல்லத் தொடங்கிய பிறகு இதையும் சொல்லிவிடுகிறோம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 5 அன்று மரக்கன்று நட்டுப் படம் அனுப்பச் சொல்கிறீர்கள். நம் பக்கம் ஜூனில் அனல் காற்று வீசுகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்கும். அன்று வைத்த கன்று பெரும்பாலும் ஆகஸ்டுக்குள் காய்ந்துவிடுகிறது, மறு ஆண்டு அதே குழியில் வேறு கன்று. இதைப் பலமுறை கூட்டத்தில் சொல்லியும் தேதி மாறவில்லை. வகுப்புச் சுவரில் ஒட்ட சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரைப் படம் வருகிறது. சுவருக்கு வெளியே இருக்கும் ஓணானையும் அரணையையும் வேறுபடுத்திச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. குறிஞ்சி, முல்லை, மருதம் என்று நிலத்தையே பூவின் பெயரால் அழைத்த மொழியில் பாடம் நடத்துகிறோம். தும்பையைக் காட்டப் பள்ளிக்குள் ஒரு தும்பைச் செடி இல்லை. வளாகத்தைச் சுத்தம் செய்ய நூறு நாள் வேலைக்கு வரும் அம்மாக்களுக்குக் குப்பைமேனி, கீழாநெல்லி, மூக்கிரட்டை, துத்தி என்று ஒவ்வொன்றின் பெயரும் குணமும் தெரியும். அவர்களை வைத்தே அத்தனையையும் பிடுங்க வைக்கிறோம். ஒரு மணி நேரம் அவர்களைப் பிள்ளைகளோடு உட்காரவைத்துப் பேசச் சொல்லியிருந்தால் எத்தனை பாடம் நடந்திருக்கும்!

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். பேவர் பிளாக் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மழைக்காலத்தில் காலை வழிபாட்டுக்கு நிற்கும் இடத்தில் சேறில்லாமல் இருப்பது பிள்ளைகளுக்கு நல்லதே. முழு வளாகத்தையும் மூடாதீர்கள், பத்துக்குப் பத்து அடியை விடுங்கள் என்றுதான் கேட்கிறோம். இதை வேலையின் செலவு மதிப்பீட்டிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், ஒப்பந்ததாரரிடம் ஒவ்வொரு தலைமையாசிரியரும் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டியிருக்காது. வேலை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு பள்ளிக்குத் தகவல் தந்தால், எந்த மூலையை விட வேண்டும் என்று ஆசிரியர்களே காட்டிவிடுவார்கள். ஏற்கெனவே மூடிய பள்ளியில் வடக்குச் சுவரோரம் பத்து அடிக்கு மட்டும் கல்லைப் பெயர்த்துத் தர அனுமதியுங்கள். இந்த மழையிலேயே விதை போட்டுவிடுகிறோம்.

அடுத்த வாரம் வேலை தொடங்கவிருக்கும் பள்ளியின் பின்பக்க மூலையில் இரண்டு எருக்கும் ஒரு கறிவேப்பிலையும் நிற்கின்றன. சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறோம். அந்தக் கோட்டுக்குள் வண்டி வர வேண்டாம் என்று ஒப்பந்ததாரரிடம் தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள்