அந்தியில் ஆடும் வுட்காக்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பறவை நோக்கல் கட்டுரையில், விடியற்காலையில் எழ முடியாதவர்களுக்கு இதெல்லாம் சரிப்படாது என்பதுபோல ஒரு வரி இருந்தது. காலையில் எழுவதற்கு மூக்கால் அழுகிற ஆள் நான். அதனால் கொஞ்சம் ரோஷத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில். பனி விலகத் தொடங்கியதும் இங்குள்ள பறவைக் குழுக்கள் சாயங்காலத்தில் கிளம்பும். வுட்காக் என்ற பறவையின் ஆண், பெட்டையைக் கவர ஆடும் ஆட்டத்தைப் பார்க்கத்தான். உள்ளான் குடும்பத்துப் பறவை இது. காய்ந்த சருகின் நிறம், உருண்டை உடம்பு, ஆறேழு சென்டிமீட்டர் நீள அலகு. அந்த அலகை ஈரமண்ணில் செருகி, நுனியை மட்டும் உள்ளேயே திறந்து மண்புழுவைக் கவ்வும். கண்கள் தலையில் பின்தள்ளி, உயரத்தில் இருக்கும். மண்ணைத் துழாவும்போதும் பின்னால் வருபவர் தெரியவேண்டுமே! பகலில் புதருக்குள் அசையாமல் கிடப்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இதன் யூரேசிய உறவுக்காரப் பறவை குளிர்காலத்தில் நீலகிரி வரைக்கும் வருகிறது. ஆட்டமெல்லாம் அங்கே கிடையாது, வந்து தங்கிவிட்டுப் போவதோடு சரி.

போன ஏப்ரலில் 15 பேர் ஒரு புல்வெளியின் ஓரத்தில் நின்றோம். சூரியன் மறைந்து கால்மணி நேரம் போயிருக்கும். "பீன்ட்!" மூக்கடைப்பு வந்தவன் ஒற்றை எழுத்தில் பேசினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு குரல். சில விநாடிகள் விட்டு மறுபடி. பக்கத்தில் நின்ற பெரியவர் தவளை என்றே நினைத்தார். திடீரென்று குரல் நின்றது. கிலுகிலுவென்று ஒரு சத்தம் தரையிலிருந்து கிளம்பி, சுற்றிச் சுற்றி மேலே ஏறியது. அது தொண்டையிலிருந்து வருவதில்லை. இறக்கை முனையில் இருக்கும் மூன்று ஒடுங்கிய இறகுகளில் காற்று புகுந்து எழுப்பும் ஓசை. 70, 80 மீட்டர் உயரத்துக்குப் போனபின் வெறும் புள்ளிதான். அப்புறம் நீர் தளும்புவதுபோலக் கொஞ்சிக்கொண்டே, உதிரும் இலை மாதிரி இப்படியும் அப்படியும் சரிந்து இறங்கியது. கடைசிச் சில மீட்டர் சத்தமே இல்லை. கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, மறுபடி "பீன்ட்!" மொத்தமே ஒரு நிமிடம் இருக்கும். இருட்டும்வரை திரும்பத் திரும்ப இதே.

அப்போதுதான் எங்களில் ஒருவர் ஷூவில் சேறு ஒட்டியதைப் பார்க்க டார்ச் அடித்தார். குரல் நின்றது. ஐந்து நிமிடம் மூச்சுக்கூட விடாமல் நின்றோம், வரவில்லை.

பறவை மேலே ஏறியதும் ஓடிப்போய், அது இறங்கும் இடத்தருகே பதுங்கிக்கொள்வது இங்கே ஒரு பழைய உத்தி. தனி ஆள் செய்தால் போகட்டும். 15 பேர் திமுதிமுவென்று ஓடினால் அதற்குப் பெயர் பறவை நோக்கலா? படத்துக்காகப் பதிவுசெய்த குரலைப் போட்டு ஏமாற்றி வரவழைப்பதும் எனக்குப் பிடிக்காதது. சொந்த இடத்தில் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று அது பதறும்.

உங்கள் கட்டுரையாளர் கேமராவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். இந்தப் பறவையை இங்கே 1968 முதல் காதால்தான் கணக்கெடுக்கிறார்கள். குறித்த சாலையில் அந்தியில் 10 இடங்களில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் 2 நிமிடம் நின்று எத்தனை பறவைகளின் "பீன்ட்" கேட்கிறது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கை நெடுநாளாக இறங்கிக்கொண்டே வருகிறது. முக்கியக் காரணங்களில் ஒன்று, இளங்காடுகள் முதிர்ந்து வெட்டவெளியும் புதரும் குறைந்துபோனது. அதனால் சில இடங்களில் இதற்காகவே மரங்களை வெட்டித் திடல் உண்டாக்குகிறார்கள். இதைச் சொன்னதற்கு உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் என்னைத் திட்டுவார்கள் என்று தெரியும்.

அன்று என்னிடம் ஒரு படமும் தேறவில்லை. அடுத்தமுறை பறவை நோக்கலுக்கு உகந்த நேரம் என்று பட்டியல் போடும்போது, விடியற்காலைக்குப் பக்கத்தில் அந்தி என்றும் சேர்த்துவிடுங்கள். டார்ச் கொண்டுவரலாம், வண்டிக்குத் திரும்பும்போது மட்டும் எரியட்டும் என்று அடிக்குறிப்பும் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
காலையில் எழாத ஒரு வாசகர்