9,200 பவுண்டு இழுக்கும் என்று சொல்லி விற்ற பிக்கப் டிரக்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) டிரெய்லர் இழுப்பதற்கென்று கேட்டு வாங்கிய பழைய பிக்கப் டிரக், அந்த வேலைக்கே தகுதியில்லாதது குறித்து.

மதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு,

உங்கள் விற்பனைக் கூடத்தில் நாங்கள் வாங்கிய நான்கு கதவு, நான்கு சக்கர இயக்க பிக்கப் பற்றிய புகார் இது. விளம்பரத்தில் "டிரெய்லர் இழுக்கத் தயார், 9,200 பவுண்டு" என்று இருந்தது. அதை மட்டும் நம்பி வாங்கவில்லை. மூடிய அலுமினிய டிரெய்லர், உள்ளே நான்கு ஸ்னோமொபைல்கள், டிரக்கில் நான்கு பெரியவர்கள் என்று முழு விவரத்தையும் முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதிக் கேட்டோம். "தாராளமாக இழுக்கும், பாதி பலம்கூட வேண்டியிருக்காது" என்று உங்கள் விற்பனையாளர் எழுத்தில் பதில் தந்தார். இரண்டு மின்னஞ்சல்களையும் இணைத்திருக்கிறோம்.

பழைய வண்டி பழையதாக இருக்கிறது என்பது எங்கள் புகார் அல்ல. கிழிந்த இருக்கையையும் கதவுக் கீறலையும் பார்த்துத்தான் விலை பேசினோம். நீங்கள் சொன்ன எண் இந்த வண்டியின் எண்ணே அல்ல என்பதுதான் முதல் புகார். மற்றவை அதன் பின்னால் வருகின்றன.

9,200 பவுண்டு என்பது அந்த மாடலின் விளம்பரக் கையேட்டில் உள்ள உச்ச அளவு. பின்சக்கர இயக்கம், 3.73 ஆக்சில் விகிதம் (இந்த எண் கூடினால் இழுவை கூடும்), தொழிற்சாலையிலேயே பொருத்திய டோயிங் பேக்கேஜ் (இழுவைக்கான கூடுதல் பாகங்கள்) ஆகிய மூன்றும் சேர்ந்த வண்டிக்கு உரியது. நீங்கள் விற்றதில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. இதன் ஆக்சில் விகிதம் 3.23 என்று கதவுத் தூண் லேபிளில் உள்ள குறியீடே சொல்கிறது. சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் கையாலும் சரிபார்த்தோம். பின்பக்கத்தைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றினால், பின் ஆக்சிலைச் சுழற்றும் நீளத் தண்டான டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். இதில் மூன்று சுற்றும், கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவும் வந்தது. 3.73 ஆக இருந்தால் மூன்றேமுக்காலைத் தொட்டிருக்கும். ஐந்து நிமிட வேலை. விளம்பரம் எழுதும் முன் உங்கள் பட்டறையில் யாராவது செய்திருக்கலாம். இந்தச் சேர்க்கைக்கு உரிமையாளர் கையேடு தரும் அளவு 6,100 பவுண்டு, அதாவது 2,767 கிலோ. விளம்பரத்துக்கும் உண்மைக்கும் இடையே 3,100 பவுண்டு போய்விட்டது.

அந்த 6,100 கூட முழுதாகக் கையில் வராது. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே2807 என்ற தரநிலைப்படி இழுவைத் திறனைக் கணக்கிடும்போது, டிரக்கில் தலா 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். (அதன் ஏற்றச் சோதனை அரிசோனாவின் டேவிஸ் அணைச் சாலையில், கடும் வெயிலில், ஏ.சி.யை முழுதாக ஓடவிட்டு நடக்கிறது. பனிப்பாதைக்கு வண்டி தேடுகிறவர்களுக்கு அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்திருப்பது நல்லது.) கனமான குளிராடையும் ஹெல்மெட்டுமாக நான்கு பேர் ஏறினால் கணக்கே வேறு.

உண்மையில் இந்த வண்டியைக் கட்டிப்போடுவது இழுவைத் திறன் அல்ல. பேலோட், அதாவது டிரக் தன் முதுகில் தாங்கும் பாரம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் டயர் லேபிளிலேயே அது இருக்கிறது. ஆட்களும் சாமானும் சேர்த்து 612 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அந்த லேபிள் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நிலைக்கு உரியது. அதற்குப் பிறகு உங்கள் பட்டறை பூட்டிய ஃபைபர்கிளாஸ் பின்மூடி சுமார் 80 கிலோ, இரும்புப் பக்கப்படிகள் 40 கிலோ. மீதி 492.

டிரெய்லரின் கணக்கு இது: காலி எடை 1,080 கிலோ. எரிபொருளோடு நான்கு ஸ்னோமொபைல்கள், தலா 275 வீதம் 1,100. கருவிகள், உதிரி பெல்ட், ஆயில் டப்பாக்கள் 70. திரும்பி வரும்போது டிராக்கிலும் சஸ்பென்ஷனிலும் (ஸ்னோமொபைலின் ஓடுபட்டையிலும் அடிப்பாகத்திலும்) அப்பியிருக்கும் பனியும் பனிக்கட்டியும் 50. மொத்தம் 2,300 கிலோ. பந்து ஹிட்ச்சில், அதாவது டிரக்கின் பின்னால் உள்ள பந்து வடிவ இணைப்பில், இழுக்கும் டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல் இறங்க வேண்டும். இந்த டங் வெயிட்டை 12 சதவீதம் என்று வைத்தால் 276 கிலோ. இதுவும் பேலோடில்தான் சேரும். விற்பனைக் கூடங்களில் யாரும் வாய் திறக்காத விஷயம் இதுதான். ஆட்கள் 360, பின்தட்டில் இரண்டு எரிபொருள் கேன்களும் மண்வாரியும் 40, பந்தும் அதைத் தாங்கும் கம்பியும் 15, டங் வெயிட் 276. கூட்டினால் 691. இருப்பதோ 492. ஆக 199 கிலோ அதிகம். இருவர் மட்டும் ஏறினாலும் 19 கிலோ அதிகம்தான்.

எடைமேடையிலும் ஏற்றிப் பார்த்தோம். டிரெய்லரை மாட்டிய நிலையில் டிரக்கின் இரண்டு ஆக்சில்களும் சேர்ந்து காட்டியது 3,280 கிலோ. அனுமதித்த மொத்த எடை 3,062. டிரெய்லரைக் கழற்றிய நிலையோடு ஒப்பிட்டால் முன் ஆக்சில் 90 கிலோ இலேசாகிவிட்டது. பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் எழும்பினால் ஸ்டியரிங் பிடிமானமும் முன் பிரேக்கும் ஒருசேரக் குறையும், முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். காய்ந்த சாலையில் சமாளித்துவிடலாம். இந்த வண்டி போக வேண்டியது பனி உறைந்த சாலையில்.

இதைச் சொன்னபோது உங்கள் பணிமனை மேலாளர் தந்த இரண்டு யோசனைகளையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்று, "ஏர் பேக் ஸ்பிரிங் இலவசமாகப் போட்டுத் தருகிறோம்." காற்றுப்பை பின்பக்கத்தைத் தூக்கி நிமிர்த்தும், அவ்வளவுதான். ஃபிரேம், பிரேக், ஆக்சில், வீல் பேரிங் எதற்கும் அது ஒரு கிலோகூடக் கூட்டித் தராது. லேபிளில் உள்ள 612 அப்படியே இருக்கும். வண்டி நேராக நிற்பதால் பாரம் மிஞ்சியிருப்பதே கண்ணுக்குத் தெரியாமல் போகும். இன்னொன்று, "டிரெய்லருக்குள் நாலு ஸ்னோமொபைலையும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி நிறுத்துங்கள், முன்பாரம் குறையும்." இதை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். பக்கவாட்டுக் காற்றோ கடந்து போகும் லாரியோ போதும். ஆட்டம் ஒவ்வொரு வீச்சுக்கும் பெரிதாகி டிரக்கையே திருப்பிவிடும். பனியில் அதை அடக்க வழி கிடையாது.

ஹிட்ச்சும் தொழிற்சாலையினுடையது அல்ல, பின்னர் வாங்கிப் பூட்டியது. அதன் லேபிள் இழுவை 5,000 பவுண்டு, டங் வெயிட் 500 பவுண்டு என்கிறது. முறையே 2,268, 227 கிலோ. எங்கள் டிரெய்லர் இரண்டையும் தாண்டுகிறது. பாரத்தை முன் ஆக்சிலுக்கும் பகிர்ந்து தரும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் கம்பிகளை இதில் மாட்டக் கூடாது என்றும் அதே லேபிளில் இருக்கிறது. லேபிளின் மேல் கறுப்பு வண்ணம் அடித்திருந்ததால், சுரண்டிய பிறகுதான் படிக்க முடிந்தது. பெரிய ஹிட்ச் மாற்றினால் போதுமே என்று எழுதிவிடாதீர்கள். ஹிட்ச், பந்து, டிரக், டயர் எல்லாவற்றிலும் எது மிகக் குறைவோ அதுதான் எல்லை.

அடுத்தது மின் இணைப்பு. இதில்தான் எங்களுக்குக் கோபமே வருகிறது. பின் பம்பரில் ஏழு முனை சாக்கெட் பளபளவென்று இருக்கிறது. கழற்றிப் பார்த்தால் உள்ளே வந்து சேர்வது நான்கு வயர்கள்தாம்: எர்த், பின்விளக்கு, இடது, வலது. பிரேக்குக்கான வயர் ஒரு சாண் நீளத்தில் வெட்டி டேப் சுற்றிவிடப்பட்டிருக்கிறது. மறுமுனையில், டிரக்கிலிருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரே இல்லை. டிரெய்லர் பேட்டரிக்கு மின்னேற்றும் 12 வோல்ட் வயரும் இல்லை. விளக்குகள் எல்லாம் எரிவதால் மாட்டுகிறவருக்குச் சந்தேகம் வராது. 2,300 கிலோ டிரெய்லர் தன் பிரேக் ஒன்றுமே பிடிக்காமல் பின்னால் வந்துகொண்டிருக்கும். டிரெய்லர் தப்பித்துப் பிரிந்தால் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் பிரேக்அவே பேட்டரிக்கும் சாலையில் மின்னேற்றம் கிடைக்காது. நான்கு முனை சாக்கெட் இருந்திருந்தால் பிரேக் இணைப்பு இல்லை என்று தெரிந்து கன்ட்ரோலர் பொருத்தியிருப்போம். ஏழு முனையைக் காட்டி நான்கைத் தருவது கவனக்குறைவு என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

கியர்பாக்ஸுக்கு வருவோம். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்க வேண்டிய தனி ஆயில் கூலர் இந்த வண்டியில் இல்லை. டோயிங் பேக்கேஜ் இல்லாததன் விளைவு. ஸ்கேன் கருவியை மாட்டிப் பார்த்ததில், கியர்பாக்ஸ் ஆயிலின் சூடு வெறும் வண்டியாகச் சமதளத்தில் 90 டிகிரி செல்சியஸ். டிரெய்லரோடு நீண்ட மேட்டில், வெளியே உறைநிலைக்குக் கீழே இருக்கும்போதே, 118. மூடிய டிரெய்லரின் முகப்பு கிட்டத்தட்ட ஐந்தரைச் சதுர மீட்டர். டிரக் அதன் எடையோடு மட்டுமல்ல, காற்றோடும் மல்லுக்கட்டுகிறது. 3.23 விகிதத்தில் கியர் மாறி மாறி ஊசலாடுகிறது, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் லாக்கப் (நேர்ப்பூட்டு) விட்டுவிட்டுப் பிடிக்கிறது, ஒவ்வொரு முறையும் சூடு ஏறுகிறது. ஆயில் ஏற்கெனவே கரும்பழுப்பாகி, தீய்ந்த வாடை அடிக்கிறது. ஒப்படைக்கும்போது தந்த தாளில் "எல்லா ஆயில்களும் சரிபார்க்கப்பட்டன" என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறீர்கள்.

துருவைப் பற்றி. சாலைக்கு உப்புப் போடும் ஊர்களில் ஓடிய டிரக்கில் மேல்துரு இருக்கத்தான் செய்யும். அதற்கு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் விற்பதற்குச் சற்று முன்பு ஃபிரேம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு ரப்பர் பூச்சு அடித்திருக்கிறீர்கள். வெளி மெக்கானிக் ஒருவர் லிஃப்டில் தூக்கிச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். இடது லீஃப் ஸ்பிரிங்கின் பின் தாங்கிக்கு அருகே தொப்பென்று கேட்டது. ஸ்குரூடிரைவரால் அழுத்தியதும் பூச்சோடு இரும்பும் அடுக்கடுக்காகப் பெயர்ந்து, கட்டைவிரல் நுழையும் ஓட்டை தெரிந்தது. அங்கிருந்து இரண்டு கை தள்ளித்தான் ஹிட்ச் போல்ட்டுகள் ஃபிரேமைப் பிடிக்கின்றன. எரிபொருள் டேங்குக்கு மேலே ஓடும் பிரேக் குழாயும் பொருக்குத் தட்டியிருக்கிறது. அவருடைய அறிக்கையும் படங்களும் இணைப்பில் உள்ளன. இந்த ஒரு குறையே வண்டியை நிராகரிக்கப் போதும்.

சிறியவை இரண்டு. நான்கு சக்கர இயக்கத்தின் குறைவேக நிலையான 4-லோ விழுவதில்லை, டேஷ்போர்டில் விளக்கு மினுக்கி அணைந்துவிடுகிறது. முன்பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஷிஃப்ட் மோட்டார் அரித்துப்போயிருக்கிறது. "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்றார்கள், ஆகாது. டயர்கள் பயணிகள் வகை என்பதில் விதிப்படி தவறில்லை, லேபிளில் இருப்பதும் அதே அளவுதான். ஆனால் பக்கச்சுவரில் உள்ள நான்கிலக்கக் குறியீட்டின்படி, வாரமும் ஆண்டும் சேர்த்துப் பார்த்தால், பின் டயர்கள் முன் டயர்களைவிட ஐந்து ஆண்டுகள் பழையவை. பாரம் ஏறும் பக்கம் பழைய டயர்.

எங்கள் கோரிக்கை: வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, விலை, பதிவுச் செலவு, வெளி மெக்கானிக் கட்டணம், எடைமேடைக் கட்டணம் ஆகியவற்றை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். மாற்று வண்டி தருவதானால், கதவு லேபிளில் பேலோட் குறைந்தது 800 கிலோ, 3.73 அல்லது அதற்கு மேற்பட்ட ஆக்சில் விகிதம், தொழிற்சாலை டோயிங் பேக்கேஜ், வேலை செய்யும் பிரேக் கன்ட்ரோலர், பூச்சு எதுவும் அடிக்காத ஃபிரேம் ஆகியவை இருக்க வேண்டும். பணம் மாறுவதற்கு முன் அதை நாங்கள் சொல்லும் மெக்கானிக் லிஃப்டில் தூக்கிப் பார்ப்பார். பழுதுபார்த்துத் தருவதை ஏற்க மாட்டோம். 612 என்ற எண்ணைப் பழுதுபார்க்க முடியாது.

"உள்ளது உள்ளபடி விற்பனை" என்ற ஒப்பந்த வரியை நினைவூட்டுவீர்கள் என்று தெரியும். அந்த வரி தேய்மானத்துக்குப் பொருந்தும். எடையைச் சொல்லிக் கேட்ட கேள்விக்கு எழுத்தில் தந்த தவறான பதிலுக்கும், லேபிளையும் ஓட்டையையும் மறைத்த பூச்சுக்கும் அது எப்படிப் பொருந்தும் என்பதையும் பதிலில் எழுதுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம். வராவிட்டால் இதே ஆவணங்களோடு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பிடம் செல்வோம். அதுவரை வண்டி ஓட்டப்படாமல் நிற்கும். உங்கள் ஆட்கள் எந்த வேலைநாளிலும் வந்து பார்க்கலாம். அதே 9,200 பவுண்டு வாசகத்தோடு இதே மாடலில் இன்னும் இரண்டு வண்டிகள் உங்கள் விற்பனைப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றின் கதவு லேபிளைப் படித்து, வாசகத்தை இன்றே திருத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்கள்

இணைப்புகள்: மின்னஞ்சல் நகல்கள், விளம்பரப் பக்க நகல், கதவு மற்றும் ஹிட்ச் லேபிள் படங்கள், எடைமேடைச் சீட்டுகள், மெக்கானிக் அறிக்கை, சாக்கெட் வயரிங் படங்கள்.