அப்துர் ரசாக்கை ஒரு மதிப்பெண்ணுக்குள் அடைக்காதீர்கள்

பள்ளி வரலாற்றுப் பாடநூல் எழுதும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். விஜயநகரப் பாடம் வந்தால் அப்துர் ரசாக்கும் வருவார். பாரசீகத் தூதர், இரண்டாம் தேவராயர் காலம், நகரைப் புகழ்ந்தார். அத்தோடு சரி. பிள்ளைகள் கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் அவர் ஊர் பார்க்கும் ஆசையில் கிளம்பியவர் அல்ல. தைமூரின் மகனான அரசர் ஷாருக் 1442இல் ஹெராத்திலிருந்து தூதராக அனுப்பினார், வந்தார். (ஹெராத் இன்று ஆப்கானிஸ்தானில் இருக்கிறது, அன்று பாரசீக மொழியும் கலையும் செழித்த தலைநகரம். இதையும் ஒரு வரியில் சொல்லலாம்.) கப்பலின் வாடை பட்டதுமே மூர்ச்சையானதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். கோழிக்கோட்டில் பல மாதம் தங்க நேர்ந்தது, மனம் ஒட்டவில்லை. என்றாலும் அந்தத் துறைமுகத்தின் நேர்மையை மறைக்கவில்லை. வணிகர் சரக்கைத் தெருவில் இறக்கிவிட்டுக் கவலையில்லாமல் போகலாம், அதிகாரிகள் காவல் இருப்பார்கள். விற்றால் நாற்பதில் ஒரு பங்கு வரி, விற்காவிட்டால் ஒன்றுமில்லை என்கிறார். பிடிக்காத ஊருக்கும் உரியதைக் கொடுத்த இந்தக் குணம் பாடத்தில் எங்கே?

விஜயநகரத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில்களைக் காண்கிறார். நடுவிலுள்ள ஏழாவது கோட்டை எவ்வளவு பெரிது? ஹெராத் கடைவீதியைப் போல் பத்து மடங்கு. காலடியோ கோலோ வைத்து அளக்கவில்லை; தன் ஊரை வைத்தே அளக்கிறார். அவருடைய வாசகர்களும் அந்தக் கடைவீதியில் நடந்தவர்கள்தானே! ரோஜா விற்பனையைப் பார்த்து, இந்த மக்களுக்குச் சோறு போலவே பூவும் வேண்டும் என்று வியக்கிறார். இதற்கிடையே, இவர் உண்மையான தூதரே அல்ல என்று பாரசீக வளைகுடாத் துறைமுகமான ஹொர்முஸின் ஆட்கள் அரசவையில் புரளி கிளப்புகிறார்கள். இத்தனையும் விட்டுவிட்டுப் புகழுரையை மட்டும் பிய்த்தெடுத்தால், அது தேவராயருக்கு யாரோ எழுதிக்கொடுத்த நற்சான்றிதழ் போல ஆகிவிடுகிறது.

இப்படி எழுதிய பாரசீகப் பயணி இவர் ஒருவர் மட்டுமல்ல. அப்துர் ரசாக்குக்கு நான்கு நூற்றாண்டு முன்பே, 1046இல் கிளம்பி ஏழாண்டு சுற்றிய பாரசீகக் கவிஞர் நாசிர் குஸ்ரோ கெய்ரோவின் செழிப்பை எழுதினார். இன்றைய ஈராக்கிலுள்ள பஸ்ராவில் கந்தலோடு போன தன்னைக் குளியல்கூடத்துக்காரன் துரத்தியதையும், நல்ல உடையில் திரும்பியபோது அதே ஆட்கள் எழுந்து நின்றதையும் சேர்த்தே எழுதினார். 1685இல் பாரசீகத்தை ஆண்ட சபவி வம்ச அரசர் சுலைமான் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) அனுப்பிய தூதுக்குழு போகும் வழியில் சென்னையில் இறங்கியது. அந்தப் பயணத்துக்கும் பாரசீக மொழியில் ஒரு நூல் உண்டு.

எல்லாம் வேண்டாம். அடுத்த திருத்தத்தில் அப்துர் ரசாக்கின் ஏழு மதில் பகுதியைப் பாரசீக மூலத்திலிருந்து தமிழாக்கி அரைப் பக்கம் போடுங்கள். மாணவர் தம் ஊர்க் கடைத்தெருவை அளவாக வைத்து வேறோர் ஊரை விவரிக்கும்படி ஒரு பயிற்சி கொடுங்கள். அதற்கு ஐந்து மதிப்பெண் தரலாம்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று வாசகன்