கேத்தரின் பேசும்போது கேட்டிருந்தவர்களுக்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸின் 'சடன்லி லாஸ்ட் சம்மர்' ஓரங்க நாடகத்தை எங்கள் குழு தமிழில் நடித்து முடித்தது. 1958 ஜனவரியில் நியூயார்க்கில் முதலில் மேடையேறிய நாடகம் இது. ஊரையும் பெயர்களையும் மாற்றாமல் கதையை நியூ ஆர்லியன்ஸிலேயே விட்டுவைத்தோம்.

கவிஞன் செபாஸ்டியன் எப்படிச் செத்தான் என்று பார்த்தவள் அவனுடைய உறவுக்காரப் பெண் கேத்தரின் ஒருத்திதான். அவன் ஆண்களை நாடியவன் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் வாயை அடைக்க, மூளையில் அறுவை செய்துவிடும்படி மருத்துவரிடம் பேரம் பேசுகிறார் அவனுடைய தாய் திருமதி வெனபிள். செபாஸ்டியனின் உயிலில் உள்ள 50,000 டாலர் கைவிட்டுப் போகுமே என்று பெற்ற தாயும் உடன்பிறந்தவனுமே கேத்தரினை வாயை மூடச் சொல்கிறார்கள்.

வில்லியம்ஸின் அக்கா ரோஸுக்கு 1943-இல் இதே அறுவை நடந்தது. அதை அறிந்த பிறகு ஒத்திகையில் எங்களுக்குக் கை நடுங்கியது. அப்போது வந்து அமர்ந்தவர் ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர் அக்கா ஒருவர். கேத்தரினாக நடித்த தங்கை தலைமுடியைக் கலைத்துக்கொண்டு, கண்ணை உருட்டி நடித்துக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் வேண்டாம்மா, இவள் தெளிவாகத்தான் இருக்கிறாள். யாரும் நம்பாததுதான் இவள் பதற்றம்" என்றார் அக்கா. நடந்ததைக் கேத்தரின் சொல்லும் அந்த நீண்ட கடைசிப் பேச்சு அன்றைக்குத்தான் எங்களுக்குப் பிடிபட்டது. அக்கா, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

அடுத்து, அந்தப் பேச்சு நடக்கும்போது வசனம் அதிகமில்லாமல் மேடையில் இருந்தவர்களுக்கு. கைதட்டல் பேசியவளுக்குப் போய்விடும். ஆனால் மருத்துவராக நடித்த தம்பி அவள் சொல்வதை நிஜமாகவே கேட்டான். கேத்தரினின் தாயாக நடித்தவர் மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால், நாடகத்தைத் தாங்கியது இவர்கள்தான்.

செபாஸ்டியனின் காட்டுத் தோட்டத்துக்காகச் சேம்பும் பெரணியும் வாடகை வாங்காமல் தந்த நர்சரி அண்ணனுக்கும், பறவைக் குரல்களைச் சேர்த்துக் கொடுத்த ஒலிப்பதிவுத் தம்பிக்கும், ஒளியமைப்பு, ஒப்பனை, தேநீர் என்று ஓடியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

நாடகம் முடிந்தும் கிளம்பாமல் நின்று, தங்கள் வீட்டில் பேசாமல் விட்டதைப் பற்றி எங்களிடம் பேசியவர்கள் சிலர். உங்கள் பெயரை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் எங்களை நம்பிச் சொன்னதற்கு நன்றி.