வேரின் எடை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் கோதுமை வேர் பற்றி வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் ‘வேர் எடை கூடிய ரகமே மண்ணுக்கு நல்லது’ என்ற அதன் முடிவை அப்படியே ஏற்க முடியவில்லை. எவ்வளவு வேர் என்பதோடு, அது எந்த ஆழத்தில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

பஞ்சாப், ஹரியானாவில் பெரும்பாலும் நெல் அறுத்த வயலில்தான் கோதுமை விதைக்கிறார்கள். நெல்லுக்கு ஆண்டுதோறும் சேறடிப்பதால் 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் மண் இறுகி, கடினப்படுகை உருவாகிவிடுகிறது. குழி வெட்டிப் பார்த்தால், நேரே இறங்கிய கோதுமை வேர் அதில் முட்டிப் பக்கவாட்டில் ஓடுவது கண்ணுக்கே தெரியும். சில வேர்கள் மட்டும் மண்புழுத் துளையிலோ வெடிப்பிலோ நுழைந்து தப்பிக்கும். மேல்மண்ணில் மட்டும் வேரை இரட்டிப்பாக்கும் ரகத்தால் படுகைக்குக் கீழே வேர் விட்டுச்செல்லும் துளைகளும் அதிகமாகாது, வேர் மட்கித் தரும் கரிமமும் (கார்பன்) சேராது.

அளப்பதிலும் கோளாறு நடக்கிறது. பூக்கும் பருவமே மாதிரி எடுக்க ஏற்றது. 5 செ.மீ. விட்டமுள்ள குழாயை 1 மீட்டர் இறக்கி 10 செ.மீ. துண்டுகளாக வெட்டினால், துண்டுக்குச் சுமார் 196 கன செ.மீ. மண் கிடைக்கும். வரிசையில் ஒன்று, இரு வரிசைக்கு நடுவே ஒன்று என இரண்டு இடத்தில் எடுக்க வேண்டும். வரிசையில் மட்டும் எடுத்தால் மேலடுக்கின் கணக்கு ஊதிப்போகும். களிமண்ணை, கட்டிகளைப் பிரித்துவிடும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் என்ற உப்பின் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து 0.5 மி.மீ. சல்லடையில் கழுவலாம். 2 மி.மீ. சல்லடை என்றால் மெல்லிய வேர்கள்தான் முதலில் தண்ணீரோடு போகும். மண் துகளைப் பிணைத்துவைப்பவையும் அவைதான்.

சல்லடையில் நிற்பதெல்லாம் கோதுமை வேரும் அல்ல. பழைய நெல் வேர் இரும்புத் துரு படிந்து செம்பழுப்பாக இருக்கும், இடுக்கியால் அழுத்தினால் நொறுங்கும். உயிருள்ள கோதுமை வேர் வெளுப்பாக இருக்கும், வளைத்தால் வளையும். வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அலுப்பு தட்டும் வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தால் நெல்லின் எடை கோதுமைக் கணக்கில் ஏறிவிடும். வேர் நீளம் வேண்டுமென்றால் உலர்த்தும் முன்பே ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். 65 டிகிரி செல்சியஸில் உலர்த்தி எடை போட்டபின், ஒரு பகுதியை 550 டிகிரியில் எரித்துச் சாம்பலின் எடையைக் கழிக்காவிட்டால், ஒட்டியிருக்கும் மண்ணும் வேராகிவிடும்.

கட்டுரை புகழும் ஒளிபுகும் தொட்டிச் சோதனை விரைவானது, மலிவானது. முளைக்கரு தொட்டிச் சுவரைப் பார்க்கும்படி விதைத்து, வெளிச்சம் படாமல் மூடி, விதையிலிருந்து முதலில் வரும் வேர்கள் எந்தக் கோணத்தில் இறங்குகின்றன என்று சில நாளில் அளந்துவிடலாம். ஆனால் விதைத்துச் சுமார் 3 வாரத்தில் தண்டின் அடிக்கணுவிலிருந்து கிளம்பும் வேர்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இறுகிய படுகையைத் துளைக்கும் திறனும் தளர்வான தொட்டி மண்ணில் தெரியாது.

படுகையை உளிக் கலப்பையால் உடைக்கலாம் என்பது சரி. அதை மண் காய்ந்திருக்கும்போது செய்ய வேண்டும் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. ஈரத்தில் ஓட்டினால் மண் விரிசல் விடாது, கலப்பை போன தடம் மட்டும் வழவழப்பாக நிற்கும். காய்ந்தபோது உடைத்தாலும் அடுத்த நெல்லுக்குச் சேறடித்தால் படுகை மறுபடி இறுகத் தொடங்கிவிடும்.

ரகங்களை ஒப்பிட்ட அட்டவணையில் மாதிரி எடுத்த ஆழமும் சல்லடைக் கண்ணின் அளவும் இல்லை. கட்டுரையாளரிடம் கேட்டு அவற்றை அடுத்த இதழில் வெளியிடுங்கள்.

மண்ணியல் துறை வாசகர்கள்,
கோயம்புத்தூர்